கேளுங்கள், சொல்கிறோம்: கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர்நிலை

கடலைப் பார்த்த பால்கனிக்கு லேமினேட்டட் கண்ணாடித் தடுப்பு வைத்தோம். மூன்றே வருஷத்தில் கீழ் ஓரம் விரற்கடை அகலத்துக்குப் பால் வெள்ளையாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகி, உம்ஷ்லாங்கா

தேய்த்துப் போகாது அம்மா. வெளுப்பு இருப்பது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில். அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் ஈரத்தை உறிஞ்சும். டர்பன் கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்!

கண்ணாடி நிற்கும் அலுமினியச் சேனலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். எந்தப் பக்கமும் வெளியே வரவில்லையா? கண்ணாடி தண்ணீரில் நிற்கிறது என்று பொருள். சேனலில் வடிகால் துளைகள் வேண்டும். கண்ணாடிப் பலகையைக் கழற்றிவிட்டுத்தான் துளைக்க வேண்டும், ஒட்டியிருப்பது டஃபண்ட் (சூடேற்றிச் சட்டென ஆறவைத்து உறுதியாக்கிய) கண்ணாடியானால் ட்ரில் முனை ஓரத்தில் பட்டதும் மொத்தமும் நொறுங்கும். பலகைக்கு இரண்டு கெட்டி ரப்பர் கட்டைகள், இரு முனையிலிருந்தும் அகலத்தில் கால் பங்கு தள்ளி. ஓரம் அந்தக் கட்டைகளில் நிற்கட்டும், சேனல் தரையைத் தொட வேண்டாம்.

இன்னொரு குற்றவாளி, ஓரத்தை அடைக்கும் சிலிக்கான் பசை. குழாயைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அதில் அமிலம் உண்டு, படலத்தை அது கெடுக்கும். அந்த அமிலம் இல்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

வெறும் வெளுப்பு சில சமயம் காய்ந்து குறையும். குமிழி விட்டு, இலை வடிவில் பிரிந்தது மறுபடி ஒட்டாது. மாற்றுவதானால் பிவிபிக்குப் பதில் அயனோபிளாஸ்ட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் படலம் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். டைல்ஸ் வேலை முடியாமல் அளவெடுக்க விடாதீர்கள். உலையில் இறங்கிய டஃபண்ட் கண்ணாடியை ஒரு மில்லிமீட்டர்கூடச் சீவ முடியாது.

குளியலறைக் கண்ணாடிக் கதவு நடுராத்திரி தானாக வெடித்துச் சிதறியது. யாரும் தொடவில்லை.
– வாசகர், ஃபீனிக்ஸ்

தொடாமலும் வெடிக்கும். கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால், வருஷக்கணக்கில் மெல்லப் பருத்து ஒருநாள் உடைத்துவிடும். உடைந்த இடத்தில் பட்டாம்பூச்சிச் சிறகுபோல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டியபடி கிடந்தால் அதன் மீதுதான் சந்தேகம். ஆனால் கீலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். ரப்பர் நகர்ந்து உலோகம் கண்ணாடியில் நேராக உரசினாலும், திருகை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே கதிதான். புதுக் கதவுக்கு ஹீட் சோக் செய்த கண்ணாடி கேளுங்கள்: சுமார் 260 டிகிரி சூட்டில் வைத்து, துகள் உள்ளதை உலையிலேயே உடைத்துவிடுவார்கள். அபாயம் பெருமளவு குறையும், அறவே நீங்காது. மூலையில் அழியாத சான்ஸ் (SANS) 1263 முத்திரை, அதாவது பாதுகாப்புக் கண்ணாடிக்கான தென்னாப்பிரிக்கத் தர முத்திரை, இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

கோயில் மண்டபத்துக்குக் கண்ணாடிக் கூரை போடுகிறோம். டஃபண்ட் போதும் என்கிறார் காண்ட்ராக்டர்.
– கமிட்டி உறுப்பினர், டோங்காட்

போதாது. டஃபண்ட் உடைந்தால் கட்டி கட்டியாகத் தலையில் விழும். தலைக்கு மேலே லேமினேட்டட் மட்டும், உடைந்தாலும் படலம் பிடித்து வைக்கும். மட்டமாகப் படுக்க வைக்காமல் 10 டிகிரியாவது சாய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கும். உள்பக்கம் கற்பூரப் புகைக்கரி படியும், ஏணி வைத்துத் துடைக்க இடம் விடுங்கள். சட்டத்துக்கும் திருகுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் அங்கே உப்புக் காற்றில் பழுப்பேறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டுப் பிறகு துடையுங்கள். காய்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும்.