விளம்பரத்தில் சொன்னார்களே, அக்கா!

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போன் பழுதுபார்க்கும் கடை நடத்தும் நமது பத்தி எழுத்தாளர், போன் விளம்பர வாசகங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறார்.

வாசகி, வில்லியனூர்: அக்கா, என் தம்பி கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். ‘நெவர் செட்டில்’ என்று விளம்பரத்தில் வருகிற அந்தப் போனைத்தான் வாங்கித் தர வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடிக்கிறான். ஒரு வாசகத்துக்கு இவ்வளவு சக்தியா?

இருக்கிறது, தங்கையே. ஒன்பிளஸ் 2014-இல் தன் முதல் போனை விற்க வந்தபோதே, ‘குறைந்ததோடு திருப்தி அடையாதே’ என்று பொருள்படும் அந்த வாசகத்தோடுதான் வந்தது. அழைப்பு கிடைத்தவர்கள் மட்டுமே வாங்கலாம் என்று அப்போது ஒரு விதி வைத்திருந்தார்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த வாசகம் ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டையாகிவிட்டது. உங்கள் தம்பி கேட்பதும் அந்த அட்டையைத்தான். அவனைத் திட்டாதீர்கள். நண்பர்கள் நடுவே குறைந்தவனாகத் தெரியக் கூடாது என்று அந்த வயதில் நினைப்பது இயல்பு.

ஆனால் அவனோடு உட்கார்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த வாசகங்களை எழுதச் சொல்லி, எவற்றையெல்லாம் அளந்து பார்க்க முடியும் என்று கேளுங்கள். ‘நெவர் செட்டில்’, மைக்ரோமேக்ஸின் ‘நத்திங் லைக் எனிதிங்’ (இதைப் போல வேறெதுவும் இல்லை) ஆகியவற்றை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அவை பொய்யும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. ஆப்போ சொன்ன ‘5 நிமிடம் சார்ஜ், 2 மணி நேரப் பேச்சு’ அப்படியல்ல. கடிகாரம் இருந்தால் போதும், யாரும் சோதித்துவிடலாம். சொன்னதற்குப் பொறுப்பேற்க வேண்டிய வாசகம் அது. எனக்கு அந்த வகை வாசகங்களின் மேல் மதிப்பு உண்டு. சிப்காட்டில் இரவுப் பணிக்குக் கிளம்புகிறவருக்கு அதில் ஒரு பயன் தெரிகிறது. அதற்கும் நிபந்தனை இருக்கிறது: அந்த நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும் வேண்டும்; பேட்டரி ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும்; பேச்சு என்றால் பேச்சு மட்டும், வீடியோ அல்ல.

மீனவ வாசகர், தேவனாம்பட்டினம்: அம்மா, தண்ணீர் புகாது என்று நீச்சல் குளத்துக்குள் போட்டுக் காட்டிய போனை நம்பி வாங்கினேன். வலை இழுக்கும்போது கடல் தண்ணீரில் நனைந்தது. மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. சேவை மையத்தில் ‘நீர் பட்ட சேதம், வாரண்டி கிடையாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

நியாயம் இல்லை, அண்ணா. குளத்தில் போட்டுக் காட்டி விற்றுவிட்டு, நனைந்தது என்பதையே காரணமாகச் சொல்லிக் கைவிரிப்பது எந்த ஊர் வழக்கம்? இதே கோபம் உலகத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சாம்சங் தன் கேலக்ஸி போன்களைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி 2016 முதல் 2018 வரை விளம்பரம் செய்தது. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் சார்ஜ் ஏறும் துளை அரித்துப் போகக்கூடும் என்பது பின்னால் வழக்கில் வெளிவந்தது. வாங்கியவர்களை ஏழு மாடல்களின் விஷயத்தில் தவறாக வழிநடத்தியதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம் விதித்த அபராதம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். இத்தாலியில் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம். ஆய்வகத்தில், அசையாத தூய நீரில் நடந்த சோதனை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘நீரைத் தாங்கும்’ என்று விற்றதும், நீர் புகுந்தபின் வாரண்டியில் சரிசெய்ய மறுத்ததும் அங்கே குற்றமாகக் கருதப்பட்டன. உங்கள் கேள்வியும் அதேதான்.

பெட்டியில் ஐபி68 என்று போட்டிருப்பார்கள். தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறியீடு அது. ஆறு என்பது தூசிக்கான எண். எட்டு தண்ணீருக்கானது; ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழம், எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிப்பார். பல போன்களில் அது ஒன்றரை மீட்டர், 30 நிமிடம். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உங்கள் வேலையோ உப்புத் தண்ணீரில், அலையின் அடியில், மீன் செதிலும் மணலும் ஒட்டிய கையில்! உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தோடு சார்ஜ் போட்ட உடனே ஊசிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கிவிடும். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், முதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் போன்களைத் திறந்தால் அந்தத் துளையில் பச்சை படிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இன்னொன்று, தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் பசையும்தான். நாளாக ஆக அவை தளரும். ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெளிந்தாலோ, பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறந்துவிட்டுப் புதுப் பசை ஒட்டாமல் மூடினாலோ அந்தத் தடுப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எந்த விளம்பரமாவது உரத்துச் சொல்லியிருக்கிறதா?

இனி நனைந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். நீர் தாங்கும் போன் என்றால் நல்ல தண்ணீரில் லேசாக அலசி, துடைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் வையுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜ் வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். தவிட்டுத் துகள் உள்ளே போகும். ஆப்பிளே 2024-இல் அரிசி வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டது. படகுக்குப் போகும்போது கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளுங்கள். ‘வாரண்டி கிடையாது’ என்று சொன்னவர்களிடம் அதை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய் வாங்குங்கள். ஏன் என்பதைக் கீழே பண்ருட்டி வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். கடல் நீர் என்பதால் உங்கள் வழக்கு கொஞ்சம் கடினம்தான். ஆனால் அவர்கள் எந்தத் தண்ணீரைக் காட்டி விற்றார்கள் என்பது உங்கள் பக்கத்து வலு. அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

மாணவர், குறிஞ்சிப்பாடி: 16 ஜிபி ரேம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வாங்கிப் பார்த்தால் 8 ஜிபிதான். ஏமாற்றா, அக்கா?

அந்த 16-க்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருந்திருக்கும், தம்பி. 8 ஜிபி உண்மையான ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது போன் பயன்படுத்தும் வேகமான நினைவகம். மீதி 8, உங்கள் படங்களும் பாட்டுகளும் இருக்க வேண்டிய சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அது ரேமை விடப் பலமடங்கு மெதுவானது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பெரிய எழுத்தில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்தி வைக்க முடிந்தால் நிறுத்துங்கள், இடமாவது மிஞ்சும்.

திருமணப் புகைப்படக்காரர், நெல்லிக்குப்பம்: ‘200 மெகாபிக்சல் போன் இருக்கும்போது உங்கள் கேமரா எதற்கு?’ என்று பெண் வீட்டார் பேரம் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

அந்த 200 மெகாபிக்சல் போனில் அவர்களையே ஒரு படம் எடுக்கச் சொல்லி, படத்தின் விவரத்தைத் திறந்து காட்டுங்கள். பெரும்பாலும் 12 மெகாபிக்சல் சொச்சம்தான் இருக்கும் (மெகாபிக்சல் என்பது படத்தின் புள்ளிக் கணக்கு; ஒன்று பத்து லட்சம் புள்ளி). 16 சிறு புள்ளிகளைச் சேர்த்து ஒரு பெரிய புள்ளியாக்கினால்தான் மண்டப வெளிச்சத்தில் படம் தெளிவாக விழும். அதனால் போனே அப்படிச் செய்துவிடுகிறது. நல்ல நுட்பம்தான். ஆனால் விளம்பரப் பலகையில் வரும் எண் வேறு, கையில் கிடைக்கும் எண் வேறு.

விளம்பரக்காரர்களே உங்கள் கேமராவைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் நோக்கியா தன் லூமியா 920 போனின் ஆடாத வீடியோ என்று ஒரு பெண் சைக்கிளில் போவதைக் காட்டியது. வழியில் ஒரு கண்ணாடி ஜன்னலில், வண்டிக்குள்ளிருந்து பெரிய கேமராவோடு படம்பிடிப்பவரின் பிம்பம் விழுந்துவிட்டது. பார்த்தவர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள், நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2018-இல் எகிப்தில் ஹுவாவே போன் விளம்பரத்தில் நடித்த பெண் படப்பிடிப்புப் படங்களை வெளியிட, செல்பி எடுத்ததாகக் காட்டிய இடத்தில் கேமராக்காரர் பெரிய கேமராவோடு நிற்பது தெரிந்துவிட்டது. உற்றுப் பார்த்தவர்களின் கண்களிலிருந்து இரண்டுமே தப்பவில்லை. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆப்பிளின் ‘ஷாட் ஆன் ஐபோன்’ (ஐபோனில் எடுத்தது) விளம்பரம் 2015-இல் தொடங்கியபோது பலகைகளில் வந்தவை பயன்படுத்துபவர்கள் எடுத்த படங்கள். 2023 அக்டோபரில் தன் அறிமுக நிகழ்ச்சியையே ஐபோனில் படம்பிடித்தது. ஆனால் சுற்றிலும் கிரேன், ட்ரோன், பெரிய விளக்குகள் இருந்தன. விளக்கை எங்கே வைப்பது என்று தெரிந்தவருக்கு அங்கும் சம்பளம் கொடுத்தார்கள். உங்கள் சம்பளத்தையும் குறைக்காமல் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை: எழுபது வயதைக் கடந்தவன், அம்மா. கேமரா, விளையாட்டு, வேகம் என்று எல்லா வாசகங்களும் சொல்கின்றன. எதிர்முனையில் பேசுவது காதில் தெளிவாக விழும் என்று ஒருவராவது சொல்கிறார்களா?

ஐயா, உங்கள் கடிதத்தைக் கடையில் உரக்க வாசித்தேன். வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நோக்கியா 1990-களில் ‘கனெக்டிங் பீப்பிள்’ (மக்களை இணைக்கிறோம்) என்று சொன்ன காலத்தில் போன் என்றால் பேசுவதுதான். இப்போது விளம்பரம் செய்கிறவர்கள் உங்களை வாங்குபவராகவே நினைப்பதில்லை. விலைக்கு வாங்குவது மகன், பயன்படுத்துவது தந்தை. அதனால் மகனிடம் பேசுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. நீங்கள் கடைக்கு நேரில் போங்கள். உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஒரு அழைப்பு பேசிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மறுத்தால் வேறு கடை. காதுக்கருவி அணிகிறீர்கள் என்றால் அதோடு புளூடூத் மூலம் இணைகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வாசகர், பண்ருட்டி: புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடை வாசலில் தமிழில் பெரிய வாசகம். நிபந்தனைகள் மட்டும் அடியில், குனிந்தாலும் தெரியாத ஆங்கிலத்தில். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இப்படிச் செய்யலாமா?

செய்யக் கூடாது. 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டினால் தமிழிலேயே எச்சரிக்கவும் வேண்டும். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட விதி இது. இதை யாரும் கேட்காமல் விடுவதால்தான் பலகைகள் அப்படியே நிற்கின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது முதலில் பலகையைப் படம் எடுப்பது. அடி வரியை அருகில் போய்த் தனியாக எடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை வாங்கி நட்டப்பட்டவர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ரசீது, பெட்டி, விளம்பரத்தின் படம், மறுத்ததை எழுதிக் கொடுத்த தாள் ஆகியவை கையில் இருக்கட்டும். தேவனாம்பட்டினத்து அண்ணா, இது உங்களுக்கும்தான்.

ஒரு தாய், பாகூர்: மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ‘ஏஐ போன்’ வாங்கினால் பாடம் சொல்லித் தரும் என்கிறாள். அவள் போன் மதியத்துக்குள் அணைந்துவிடுகிறதாம். கடன் வாங்கியாவது புதிது வாங்கலாமா?

வேண்டாம், சகோதரி. பாடத்தில் சந்தேகம் கேட்கும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகள் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே இணையம் வழியாக இலவசமாக ஓடுகின்றன. விளம்பரத்தில் வரும் ஏஐ எப்போது வரும், எவ்வளவு காலம் இலவசம் என்பதே உறுதியாக இருப்பதில்லை. சாம்சங் 2024-இல் தன் ஏஐ வசதிகளை அறிமுகப்படுத்தியபோது அடிக்குறிப்பில் 2025 இறுதிவரை இலவசம் என்றுதான் போட்டிருந்தது. ஆப்பிள் தன் ஐபோன் 16-க்காகக் காட்டிய, சிரி என்ற பேச்சு உதவியாளரின் புதிய வசதி தள்ளிப்போனதால் 2025 மார்ச்சில் அந்த விளம்பரத்தையே எடுத்துவிட்டது. உங்கள் மகளின் போனில் தேய்ந்திருப்பது பேட்டரியாகத்தான் இருக்கும். பாகூரிலோ புதுச்சேரியிலோ நம்பிக்கையான கடையில் தரமான பேட்டரி மாற்றுங்கள், புதுப் போன் விலையில் சிறு பகுதிதான் ஆகும். அப்படியே சேமிப்பிடத்தையும் காலி செய்து தரச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு முடிந்து, கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாள் என்று தெரிந்தபின் எந்தப் போன் என்று எனக்கு எழுதுங்கள்.