கேள்வி பதில்: செடோனாவில் இட இணைப்பு

கேள்வி: பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் அப்பாச்சி ஸ்பார்க்கில், இடம்சார் தரவுக்கான நீட்டிப்பான செடோனாவைச் சேர்த்து, பல கோடி ஜிபிஎஸ் புள்ளிகளை வார்டு எல்லைகளோடு இணைக்கிறேன். பெரும்பாலான டாஸ்க்குகள் (வேலைத் துண்டுகள்) விரைவில் முடிந்தாலும், ஒன்றிரண்டு மட்டும் மணிக்கணக்கில் ஓடுகின்றன. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்: வார்டு எல்லைகள் அளவில் சிறியவை என்பதால், முதலில் பிராட்காஸ்ட் இணைப்பை, அதாவது சிறிய தரவின் நகலை எல்லா எக்ஸிகியூட்டர்களுக்கும் (டாஸ்க்குகளை ஓட்டும் செயல்முறைகள்) அனுப்பி இணைப்பதை, முயலுங்கள். அப்படித் தானாக அனுப்பும் தரவுக்கு ஸ்பார்க்கின் இயல்பான வரம்பு 10 எம்பி. நுணுக்கமான எல்லைக்கோடுகள் அதை எளிதில் தாண்டிவிடுமாதலால், எக்ஸிகியூட்டர்களின் நினைவகம் இடம் கொடுக்கும் அளவுக்கு செடோனாவின் பிராட்காஸ்ட் வரம்பை உயர்த்தினால், எல்லைகள் எல்லா எக்ஸிகியூட்டர்களுக்கும் சென்றுவிடும். புள்ளிகளை இடவாரியாகப் பிரித்து நகர்த்தும் வேலையே இராது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதிலேயே தீரும் என்பது என் கணிப்பு.

இரு பக்கமும் பெரிதாக இருந்தால்தான் பார்ட்டிஷன் (தரவைக் கூறுபோடும்) அமைப்புகளைத் தொட வேண்டும். எந்தப் பக்கத்தின் பரவலைக் கொண்டு நிலப்பரப்பைக் கூறுபோடுவது என்ற அமைப்பு, நாம் மாற்றாதவரை இணைப்பின் இடது பக்கம் என்றே இருக்கும். நெரிசல் மிகுந்த புள்ளித் தரவு வலது பக்கம் இருக்கையில் இதை மாற்றாவிட்டால், நகர மையத்துப் புள்ளிகள் முழுவதும் ஒரே கூறில் குவியக்கூடும். கூறுபோடும் கட்ட வகை, நிலப்பரப்பைப் படிப்படியாகப் பிரிக்கும் கேடிபி மரமாகவே இருக்கட்டும். நெரிசலான இடத்தைச் சிறு கூறுகளாக்குவது அதன் இயல்பு.

கிரையோ சீரியலைசரையும் (தரவை அனுப்புவதற்கேற்ற பைட்டுகளாக மாற்றுவது) செடோனாவின் கிரையோ ரெஜிஸ்ட்ரேட்டரையும் (செடோனாவின் தரவு வகைகளை அதில் பதிவது) மட்டும் செஷன் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்ற இயலாது.