வீட்டிலேயே அகச்சிவப்பு எல்இடி வைத்து ஹெட் டிராக்கர் செய்யலாமா, இல்லை இப்போது வெப்கேமே போதுமா?

செய்யலாம். நம் தலை திரும்புவதைக் கேமராவால் பார்த்து, ஆட்டத்தில் காட்சியையும் திருப்புவதுதான் ஹெட் டிராக்கர். நான் செய்து வைத்திருக்கிறேன், இன்றைக்கும் ஓடுகிறது. "வெப்கேம் இருக்கும்போது எதற்கு இந்தக் கம்பி வேலை" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் என் அயித்தானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து இதையேதான் கேட்கிறார். அவருக்குச் சொல்லாத பதிலையும் சேர்த்து உங்களுக்கே சொல்லிவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவர், யூரோ டிரக் சிமுலேட்டர் ஆட்டத்தில் பஸ் மோட் போட்டு ஓட்டுபவர், கடையில் விற்கும் டிராக்ஐஆர் ஹெட் டிராக்கரின் விலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் காசே செலவழிக்காதீர்கள். ஓபன்டிராக் என்ற ஹெட் டிராக்கிங் மென்பொருள் இலவசம். அதிலேயே சாதா வெப்கேமை வைத்து முகத்தைப் பின்தொடரும் வசதி இருக்கிறது. பகலில், முகத்தில் நல்ல வெளிச்சம் விழும் அறையில் விளையாடுகிறவருக்கு அதுவே போதும். இதைச் சொல்லாமல் விட்டால் "பழங்காலத்து ஆள்" என்று கீழே எழுதுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

என் கதை வேறு. காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. எங்கள் குடும்பத்துக்கு வளவை (நடு முற்றத்தை) ஒட்டி ஓர் அறை, ஒரு கதவு, சன்னல் கிடையாது. எனக்கு விளையாட நேரம் கிடைப்பது எல்லோரும் படுத்த பிறகு. விளக்கைப் போட்டால் அப்பத்தா எழுந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு படத்தையும் நிதானமாக எடுக்கும், வேகம் விழுந்துவிடும், திரையில் ஓட்டுநர் தலை நடுங்கும். எல்இடி அப்படியில்லை, தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது. இருட்டுதான் அதற்கு வசதி.

தத்துவம் பழசுதான். 2007இலேயே ஜானி சுங் லீ என்பவர் நிண்டெண்டோ வீ விளையாட்டுப் பெட்டியின் ரிமோட்டை, அதில் இருக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்காக, டிவிக்குக் கீழே வைத்து, கண்ணாடியில் எல்இடி மாட்டிக்கொண்டு தலையை அசைத்துக் காட்டிவிட்டார். நாம் செய்வதும் அந்த வழிதான்: ஒரே கோட்டில் இல்லாத மூன்று எல்இடி புள்ளிகள், அவற்றுக்கு இடையிலான தூரம் மில்லிமீட்டரில். அந்த அளவை ஓபன்டிராக்குக்குக் கொடுத்துவிட்டால், புள்ளிகள் நெருங்குவதையும் விலகுவதையும் வைத்துத் தலை திரும்பியதா, சாய்ந்ததா, முன்னால் வந்ததா என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து ஹெட்போன் பக்கவாட்டில் கட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது.

மின்சாரக் கணக்கு பத்தாம் வகுப்புப் பாடம். ஒரு அகச்சிவப்பு எல்இடி சுமார் 1.35 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். யுஎஸ்பி தருவது 5. நடுவில் ஒரு 22 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 40 மில்லி ஆம்பியரை ஒட்டி ஓடும். ரெசிஸ்டரே வேண்டாம் என்று காணொளியில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டிவி ரிமோட்டில் இருக்கும் மாதிரி எல்இடி நேர் முன்னால் மட்டும் அடிக்கும், தலையைக் கொஞ்சம் திருப்பினாலே கேமராவுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் உருண்டைத் தலையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள், வெளிச்சம் அகலமாகப் பரவும். கண்ணுக்குக் கெடுதல் என்று வரப்போகிறவர்களுக்கு: அது திரையைப் பார்த்து இருக்கிறது, என் கண்ணைப் பார்த்து இல்லை. பக்கத்தில் வைத்து உற்றுப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

முதலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அப்பத்தா எட்டிப் பார்த்தது.

"என்னடா அது தலையில?"

"வெளக்கு அப்பத்தா."

"எரியவே காணமே."

போன் கேமராவில் காட்டினேன். மூன்றும் ஊதா நிறத்தில் மின்னின. போனை வாங்கிப் பார்த்தது, பிறகு வெறும் கண்ணால் பார்த்தது. "கண்ணுக்குத் தெரியாத வெளக்குக்கு எதுக்குடா கரண்டு பில்லு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இனிமேல்தான் உண்மையான வேலை. மூன்று எல்இடியை எரிய வைப்பது ஒரு மாலைப் பொழுது வேலை. கேமரா அந்த மூன்றைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் செய்வதுதான் பாடு. இதை எந்தக் காணொளியிலும் அழுத்திச் சொல்வதில்லை.

வெப்கேமின் லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு, லென்ஸைத் திருகி மறுபடி ஃபோகஸ் வைக்க வேண்டும். பிறகு சாதா வெளிச்சத்தை மறைக்கக் கழுவிய ஃபிலிமின் கறுத்த முனை, இரண்டு மடிப்பு. கலர் நெகட்டிவாகக் கேளுங்கள். அதில் இருப்பது சாயம், அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளி, அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனக்கு டவுனில் மூடிக்கிடந்த ஒரு ஸ்டுடியோக்காரர் பெட்டியைக் கிளறிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பழைய ஃப்ளாப்பிக்குள் இருக்கும் தட்டும் ஆகும்.

இத்தனையும் செய்த பிறகும் பகலில் ஆடினால் நாசம். சூரிய ஒளியின் சக்தியில் பாதியளவு அகச்சிவப்பு. நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன், எனக்குப் பின்னால் வளவு முழுக்க வெயில். அது ஆத்தங்குடிக் கல்லில் பட்டுத் தெறிக்கும், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவரிலும் பளபளக்கும். கேமராவுக்கு எங்கே பார்த்தாலும் புள்ளி. சாயங்காலம் அப்பத்தா வளவில் குத்துவிளக்கு ஏற்றினால் சுடரும் ஒரு புள்ளியாகிவிடும், பஸ் நேராகப் போய்க்கொண்டிருக்க ஓட்டுநர் திடீரென்று கூரையைப் பார்ப்பார். குண்டு பல்பும் இதே தொல்லைதான். எல்இடி பல்பு பரவாயில்லை, அதில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை.

மேசையைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். பிளக் பாயிண்ட் இருப்பது ஒரே சுவரில். எதிர்ச் சுவரில் ஒரு பாயிண்ட் இழுக்க வேண்டுமென்றால் பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு போனை எடுக்க மாட்டார். "பழைய சுவர், துளை போடக் கூடாது" என்று பாரம்பரியம் பேசுவார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷூட்டிங்காரன் வந்து கேட்டால் அதே வாட்ஸப் குழுவில் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோரும் சரி என்கிறார்கள். வந்தவர்கள் தூணில் ஆணி அடித்துத் துணி கட்டினார்கள், டிராலி தண்டவாளத்தை இழுத்துத் தரைக்கல்லில் கீறல் போட்டார்கள். அதற்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரும் ஜோடிகள் வேறு. நான் லுங்கியோடு நிற்கும்போதே "அண்ணே, கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகருங்க" என்கிறார்கள், என் வீட்டு வளவில்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஒரு பிளக் பாயிண்டுக்கு இவ்வளவு சட்டம் பேசுகிறவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கதவுக்குக் கறுப்புத் துணி போட்டேன். கேமராவின் எக்ஸ்போஷரைக் கையால் கீழே இறக்கி, ஓபன்டிராக்கில் த்ரெஷோல்டை (எவ்வளவு பிரகாசம் இருந்தால் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் என்ற வரம்பை) மூன்று புள்ளி மட்டும் மிஞ்சும் வரை ஏற்றினேன். இப்போது குத்துவிளக்கு எரிந்தாலும் ஓடுகிறது. தலை எவ்வளவு திரும்பினால் காட்சி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஓபன்டிராக்கில் வரையும் வளைவுக்கோட்டை மட்டும் பொறுமையாக வையுங்கள். தலை 20 டிகிரி திரும்பினால் ஆட்டத்தில் 90 டிகிரி திரும்ப வேண்டும், கண் திரையை விட்டுப் போகக் கூடாது. நடுவில் கொஞ்சம் அசைவற்ற இடம் விட்டால் நேர் சாலையில் காட்சி ஆடாது. நடுநிலைக்குக் கொண்டுவர ஒரு விசையையும் ஒதுக்குங்கள்.

டிராக்ஐஆர் வாங்கியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது நல்ல பொருள், பெட்டியைப் பிரித்தவுடன் வேலை செய்யும், காசு இருந்தால் வாங்குங்கள். செய்வது என்று முடிவெடுத்தால் கடையில் 850 நானோமீட்டர் அலைநீள எல்இடி என்று சொல்லிக் கேளுங்கள். ரிமோட்டுக்கு என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 940, வெப்கேமுக்கு அது மங்கலாகத்தான் தெரியும்.