‘விளாடிமிர்’ என்ற பெயரின் பொருள் என்ன?

கேள்வி: லெனின், புதின், உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி ஆகிய மூவருக்கும் முதற்பெயர் ஒன்றே என்கிறார்கள். ‘விளாடிமிர்’ என்பதற்கு ‘உலகை ஆள்பவன்’ என்று ஒரு நண்பரும், ‘அமைதியின் தலைவன்’ என்று இன்னொருவரும் பொருள் கூறுகின்றனர். எது சரி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே பிற்காலத்தில் ஏற்றிச் சொல்லப்பட்ட பொருள்கள். பெயரின் முற்பாதியில் சிக்கல் இல்லை. ‘வ்லாத்’ என்ற ஸ்லாவிய வேர் ஆட்சியையும் உடைமையையும் குறிக்கும். 1860-இல் பசிபிக் கரையில் ரஷ்யர்கள் நிறுவிய விளாடிவோஸ்தோக் நகரின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது. ‘கிழக்கை ஆள்’ என்பது அதன் பொருள்.

பிற்பாதியில்தான் குழப்பம் தொடங்குகிறது. பழைய ரஷ்ய நாளாகமங்கள் இப்பெயரை ‘வொலோதிமேர்’ என்று எழுதின. அந்த ‘மேர்’, அமைதியையோ உலகத்தையோ குறிக்கும் ‘மிர்’ அன்று; பெருமை, புகழ் என்னும் பொருளுடைய மிகப் பழைய வேர். ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரிடமும் இது வழங்கியது. வலமேர், தியோதெமேர் என்ற அவர்களுடைய மன்னர்களின் பெயர்களில் அதைக் காணலாம். ஆகவே ‘ஆட்சியால் பெருமை பெற்றவன்’ என்பதே மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் பொருள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

‘மேர்’ தனிச்சொல்லாக வழக்கிழந்த பிறகு, அன்றாடம் புழங்கிய ‘மிர்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ‘மிர்’ என்ற ஒலிக்கும் ரஷ்ய மொழியில் இரு பொருள்கள் உண்டு. 1918-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அமைதியைக் குறிக்கும் சொல்லை ஓர் இகரத்தாலும், உலகைக் குறிக்கும் சொல்லை வேறோர் இகரத்தாலும் எழுதினார்கள். விளாடிமிர் என்ற பெயர் அக்காலத்தில் உலகைக் குறிக்கும் இகரத்தோடு எழுதப்பட்டதால், ‘உலகை ஆள்பவன்’ என்ற விளக்கம் எழுத்திலேயே சான்று பெற்றதுபோல் ஆயிற்று. சீர்திருத்தம் இரண்டில் ஒன்றை நீக்கியதும் ‘அமைதி’ என்ற விளக்கத்துக்கும் எழுத்தளவில் தடை இல்லாமல் போயிற்று. தமிழில் ழகரத்தை நீக்கி எல்லாவற்றையும் ளகரமாகவே எழுதவேண்டும் என்று ஓர் ஆணை வந்தால், ‘விழி’யும் ‘விளி’யும் ஒன்றாகி, நூறாண்டு கழித்து வேர் தேடுபவர் எவ்வளவு தடுமாறுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் உக்ரைனில் மட்டும் ‘வொலோடிமிர்’ என்பது ஏன்? யாருடைய வடிவம் மூலமானது?
– அதே வாசகர்

பதில்: கிழக்கு ஸ்லாவிய மண்ணின் இயல்பான ஒலிப்பு ‘வொலோத்’ என்பதுதான். ‘வ்லாத்’ தெற்கே பல்கேரியப் பகுதியில் உருவாகி, திருச்சபையின் வழிபாட்டு மொழி வாயிலாக வடக்கே வந்தது. ஊர்ப்பெயர்களிலும் இதைப் பார்க்கலாம்: நகரத்தைக் குறிக்கும் சொல் நோவ்கொரோதில் ‘கொரோத்’ என்றும், லெனின்கிராதில் ‘கிராத்’ என்றும் நிற்கிறது. முன்னது மண்ணின் சொல்; பின்னது ஏட்டுவழி வந்த சொல். உக்ரைனியர் மண்ணின் வடிவத்தைக் காத்துக்கொண்டார்கள். ரஷ்யர்கள் ஏட்டு வடிவத்தை ஏற்றார்கள், ஆனால் வீட்டில் செல்லமாக அழைக்கும்போது இன்றும் ‘வலோத்யா’ என்றே கூப்பிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட அந்தப் பழைய ஒலியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுகிறது.

இப்பெயரைப் புகழடையச் செய்தவர் கீவ் நகரிலிருந்து ஆட்சி செய்து, 988-இல் கிறித்தவம் தழுவிய இளவரசர் விளாடிமிர். அவர் வெளியிட்ட வெள்ளிக்காசின் ஒரு பக்கத்தில் அரியணையில் அமர்ந்த அவருடைய உருவமும், இரு பக்கங்களிலுமாக ‘விளாடிமிர் அரியணையில்; இது அவருடைய வெள்ளி’ என்ற பொருள்படும் எழுத்துகளும் காணப்படுகின்றன. அத்தகைய காசுகளில் உள்ள திரிசூலம் போன்ற குலச்சின்னமே இன்றைய உக்ரைனின் அரசுச் சின்னம். திருமுழுக்கின்போது அவருக்கு ‘வசீலி’ என்ற கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. எனினும் பிற்காலத்தில் திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றியபோது பழைய நாட்டுப்பெயரே நிலைத்து, திருச்சபையின் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெற்றது. அவருடைய கொள்ளுப்பேரர் விளாடிமிர் மொனொமாக். அந்த மொனொமாக்கின் கொள்ளுப்பேரர் ஒருவர் டென்மார்க் மன்னராகி, முதலாம் வால்டிமார் என்று அழைக்கப்பட்டார். கொள்ளுப்பாட்டனின் பெயர்தான் கடல் கடந்து சென்றது.

கேள்வி: மாஸ்கோவிலிருந்து வந்த பழைய தமிழ் நூல்களில் ‘வி. இ. லெனின்’ என்று அச்சிட்டிருக்கும். ‘வி’ என்பது தந்தை பெயரின் முதலெழுத்தா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. நம் வழக்கில் முன்னெழுத்து தந்தையுடையது என்பதால் அப்படி எண்ணத் தோன்றும். ‘வி’ அவருடைய சொந்தப் பெயரான விளாடிமிர். ‘இ’ என்பதே தந்தை இல்யாவின் வழி வந்த ‘இல்யீச்’. லெனின் என்பது புனைபெயர். குடும்பப் பெயர் உல்யானவ். ரஷ்யர்கள் ஒருவரை மரியாதையுடன் விளிக்கும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு, சொந்தப் பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்து ‘விளாடிமிர் இல்யீச்’ என்பார்கள். புரட்சிக்குப் பின் பிறந்த குழந்தைகள் பலருக்கு விளாடிமிர் லெனின் என்பதைச் சுருக்கி ‘விளாத்லென்’ என்றும், மூன்று பெயர்களின் தொடக்கத்தைக் கோத்து ‘விலேன்’ என்றும் பெயரிட்டார்கள். பெண் குழந்தைகளுக்கு லெனின் என்பதைப் பின்னிருந்து படித்து ‘நினேல்’ என்று வைத்தவர்களும் உண்டு.