மாற்று ஆட்டக்காரரின் மூன்று ஆண்டுகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கொலம்பஸ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மாற்று குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதல் ஆட்டத்தை நடத்துபவர்). இரண்டு பருவங்களாக அவன் களத்தில் இறங்கியது மிகக் குறைவு. அவன் அறைச் சுவரில், ஒஹையோவில் வளர்ந்து புகழ்பெற்ற குவாட்டர்பேக்கான ஜோ பர்ரோவின் படம் இருக்கிறது. “அவர் ஏழையாகப் பிறந்து உழைப்பால் மட்டுமே உயர்ந்தார், நானும் உயர்வேன்” என்று சொல்கிறான். அவன் நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், உழைப்பு ஒன்றே போதும் என்று சொல்லவும் நா எழவில்லை. பர்ரோவின் வாழ்வில் உண்மையில் நடந்தது என்ன? நான் அவனிடம் என்ன சொல்வது?

– ஒரு தந்தை, ஒஹையோ

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தயக்கம் சரியானது. உங்கள் மகனின் நம்பிக்கையும் வீணானது அல்ல. ஆனால் அவன் அறிந்து வைத்திருக்கும் கதையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பர்ரோ ஏழ்மையான ஒரு வட்டாரத்தில் வளர்ந்தவர். ஏழ்மையான வீட்டில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய தந்தை ஜிம்மி பர்ரோ, ஆதன்ஸ் நகரில் உள்ள ஒஹையோ பல்கலைக்கழக அணியின் தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளராக 2005 முதல் 2018 வரை பணியாற்றியவர். மூத்த சகோதரர்கள் இருவரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள். எதிரணியின் தற்காப்பு எப்படி யோசிக்கும் என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளரும் வாய்ப்பு எத்தனை சிறுவர்களுக்குக் கிடைக்கும்?

அந்த வட்டாரம் ஏழ்மையானது என்பதில் ஐயமில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி எழுந்து, அவை மூடப்பட்ட பிறகு தளர்ந்துபோன தென்கிழக்கு ஒஹையோவின் ஊர்கள் அவை. ஆதன்ஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கும் தி பிளெயின்ஸும் அப்படிப்பட்ட ஒரு சிற்றூர்தான். அங்கே 2014-ஆம் ஆண்டு பர்ரோ இறுதி வகுப்பில் படித்தபோது, பள்ளி அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மாநில இறுதிப் போட்டி வரை சென்றது. டொலிடோ நகரின் சென்ட்ரல் கத்தோலிக் பள்ளியிடம் 56-52 என்ற கணக்கில் தோற்றாலும், அந்த ஆண்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரருக்கான மாநில விருது பர்ரோவுக்கே கிடைத்தது. கதையை இங்கே நிறுத்திவிட்டால் அது உங்கள் மகன் சொல்லும் கதையாகவே இருக்கும்.

அவன் கவனிக்க வேண்டியது அடுத்த மூன்று ஆண்டுகளைத்தான். 2015-இல் பர்ரோ ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மற்ற இடங்களில் ஆடுபவர்களை ஆட்டத்தின் நடுவே மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவாட்டர்பேக் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒருவரே முழு ஆட்டத்தையும் ஆடுவார். இரண்டாமவர் எவ்வளவு திறமை உள்ளவராக இருந்தாலும் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். பர்ரோ முதல் ஆண்டு களத்தில் இறங்கவே இல்லை. பிறகு அணியின் முதன்மை குவாட்டர்பேக் ஜே. டி. பேரட்டுக்கு மாற்றாகக் காத்திருந்தார். 2017 பருவம் தொடங்கும் நேரத்தில் கையில் எலும்பு முறிந்தது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு, அதே அணியின் மற்றொரு குவாட்டர்பேக் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போனது. மூன்று ஆண்டுகளில் அவர் எறிந்த பாஸ்கள் மொத்தமே ஏறத்தாழ 40-தான். அவர் உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. உழைப்பு இருந்தது, ஆடுவதற்கு இடம்தான் இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் செய்த ஒரு காரியத்தை உங்கள் மகனுக்கு நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 மே மாதத்துக்குள் அவர் பட்டப்படிப்பை முடித்துவிட்டார். அன்றைய விதிப்படி, பட்டம் பெறாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். பட்டம் பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. பர்ரோ லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே பருவத்தில் முதன்மை குவாட்டர்பேக்காக இறங்க முடிந்தது அதனால்தான். ஒஹையோவில் அடைபட்டிருந்த கதவை அவருக்குத் திறந்துவிட்டது, பந்தை எறியும் கை அல்ல, கையில் இருந்த பட்டம்.

அங்கும் முதல் ஆண்டிலேயே அவர் நட்சத்திரமாகிவிடவில்லை. 2018-இல் அவர் எறிந்தவற்றில் புள்ளி பெற்றுத் தந்த ‘டச்டவுன்’ பாஸ்கள் 16. எறிந்தவற்றில் இலக்கை அடைந்தவை 57.8 விழுக்காடு. நல்ல ஆட்டம்தான், ஆனால் நாடே திரும்பிப் பார்க்கும் ஆட்டம் அல்ல. அடுத்த ஆண்டு டச்டவுன் பாஸ்கள் 60, இலக்கை அடைந்தவை 76.3 விழுக்காடு, பாஸ்களால் அணி முன்னேறிய தூரம் 5,671 யார்டு. அதே மனிதர், அதே கை. இடையில் என்ன நடந்தது?

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். அவரும் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் சேர்ந்து அணியின் ஆட்ட முறையையே மாற்றினார்கள். பந்தைப் பெறக்கூடிய ஐந்து பேரையும் களத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தினார்கள்; பந்தைச் சுமந்து ஓடும் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்கூடப் பல நேரங்களில் பாஸ் வாங்க ஓரத்துக்குப் போனார். குவாட்டர்பேக்கைக் காக்க ஐந்து தடுப்பாளர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆகவே பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணியின் நிற்கும் வரிசையைப் படித்து, எவர் தனியாக விடப்படுவார் என்று கணித்து, இரண்டு மூன்று நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். ஒரு பயிற்சியாளரின் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு ஏது? எறிந்ததைப் பிடிக்க ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். அந்த ஆண்டில் சேஸ் மட்டும் 20 டச்டவுன் பாஸ்களைப் பிடித்தார், ஜெஃபர்சன் 18. நவம்பர் 9 அன்று அலபாமாவை அதன் சொந்தக் களத்தில் 46-41 என வென்றார்கள். அதற்கு முன் தொடர்ந்து எட்டு முறை லூயிசியானா ஸ்டேட்டைத் தோற்கடித்திருந்த அணிக்கு எதிராகக் கிடைத்த வெற்றி அது. 2020 ஜனவரி 13 அன்று கிளெம்சனை 42-25 என வென்று, 15 ஆட்டங்களில் 15 வெற்றியோடு தேசியப் பட்டத்தைப் பெற்றார்கள். அந்த ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

உழைப்பு மட்டுமே என்ற சொல் எனக்கு ஏன் உறுத்துகிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உழைத்துக்கொண்டே இருந்த ஒருவருக்கு, அவருடைய புத்திக்கு ஏற்ற ஆட்டமும் துணையும் வந்து சேர்ந்த ஆண்டு அது. இதை எவரையும்விட நன்றாக அறிந்தவர் பர்ரோதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2019 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் காணொளியை மகனோடு அமர்ந்து பாருங்கள். தனக்கு முன்னால் நின்று அடி வாங்கிய தடுப்பு வரிசையினரை அவர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பேச்சு தடைபடுகிறது, கண்ணீர் பெருகுகிறது. பிறகு தன் ஊரைப் பற்றிச் சொல்கிறார்: அங்கே வறுமை விகிதம் நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும், பள்ளி விட்டுப் பசியோடு வீடு திரும்பி, மேசையில் போதிய உணவைக் காணாத ஆதன்ஸ் பிள்ளைகளுக்காகவே தான் அங்கே நிற்பதாகவும், அவர்களாலும் அந்த மேடைக்கு வர முடியும் என்றும் சொல்கிறார். தான் பசித்திருந்ததாக அவர் சொல்லவில்லை. தன் ஊர்ப் பிள்ளைகளின் பசியைத்தான் சொன்னார். தனக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று அறிந்த ஒருவரின் பேச்சு அது. அந்த உரையைக் கேட்ட உள்ளூர்க்காரர் ஒருவர், ஆதன்ஸ் மாவட்ட உணவு வங்கிக்காக 1,000 டாலர் திரட்டலாம் என்று இணையத்தில் வேண்டுகோள் வைத்தார். சில வாரங்களுக்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

ஆகவே, உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: காத்திருப்பது தோல்வி அல்ல, ஆனால் காத்திருக்கும் காலத்தில் படிப்பை விட்டுவிடக் கூடாது. தன் பலத்துக்கு ஏற்ற ஆட்டம் எது, அதை ஆடும் அணி எது என்று இப்போதே பயிற்சியாளரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். ஓர் இடத்தில் வழி அடைபட்டால் வேறு இடம் தேடுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

கொலம்பஸிலிருந்து ஆதன்ஸ் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். ஒரு சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு தி பிளெயின்ஸ் வரை போய் வாருங்கள். அந்தப் பள்ளியின் அரங்கத்துக்கு இப்போது பர்ரோவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். போகும் வழியில், உணவு வங்கிக்குக் கொடுக்க ஒரு பெட்டி நிறையப் பொருள்களை அவன் கையாலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.