மாஸ்டர் பதில்கள்: பட்டாளமும் வாக்குச்சீட்டும்

கேள்வி: இராணுவத் தளபதியாகச் சண்டையை நடத்திய சரத் பொன்சேகாவுக்கு 2010 ஜனாதிபதித் தேர்தலில் நம்ம நுவரெலியா மாவட்டமே வாக்குப் போட்டதாமே? என்ன கணக்கு மாஸ்டர் அது?
(வாசகி, கொட்டகலை)

பதில்: அப்போதைய ஜனாதிபதி மஹிந்தவின் வெற்றிலைச் சின்னத்துக்குப் போடக் கூடாது, அவ்வளவுதாம்மா கணக்கு. தோட்டத் தொழிற்சங்கமான இ.தொ.கா.வின் (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) தலைமை மஹிந்தவோடு நின்றது. லயத்தில் வாழும் தோட்டச் சனம் பொன்சேகாவின் அன்னச் சின்னத்துக்குப் போய்விட்டது. மாவட்டத்தில் பாதிக்கு மேல் பொன்சேகாவுக்கு விழுந்தது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பிலும் அவர்தான் முன்னால். நாடு முழுக்கப் பார்த்தால் அவருக்கு 40 வீதம், மஹிந்தவுக்குக் கிட்டத்தட்ட 58.

அந்த ஜனவரி 26ஆம் திகதி எனக்குத் தலவாக்கலைப் பக்கம் வாக்களிப்பு நிலையத்தில் கடமை. வந்த பெண்களின் விரலெல்லாம் கொழுந்துக் கறை. மை பூசினால் எது மை, எது கறை என்று தெரியவில்லை. வாக்குச்சீட்டில் 22 வேட்பாளர்கள். ஒரு பாட்டி சத்தமாகவே கேட்டார், "சேர், அன்னம் எந்தப் பக்கம்?" பதில் சொல்ல எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவரே தேடிப் பிடித்துப் புள்ளடி போட்டுவிட்டுப் போனார். ஜெனரலின் பெயர் அவர் வாயில் ஒருதரமும் வரவில்லை.

அதே ஜெனரல் 2024 ஜனாதிபதித் தேர்தலில் மறுபடி வாக்குக் கேட்டார். நாடு முழுக்க 22,407 வாக்கு.

கேள்வி: சீருடையில் இருக்கும்போதே அரசியல் பேசலாமா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: கூடாது. 2010 ஆகஸ்டில் இராணுவ நீதிமன்றம் அதே குற்றத்துக்குத்தான் பொன்சேகாவின் பதவி, பதக்கம் எல்லாவற்றையும் பறித்தது. ஆட்சி மாறியதும் 2015இல் எல்லாம் திரும்பி வந்தது, பீல்ட் மார்ஷல் பட்டமும் சேர்த்து!

கேள்வி: ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறார்களே, கேட்கலாமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: வெள்ளம், மண்சரிவு என்றால் தாராளமாகக் கேளுங்கள். மண்ணைத் தோண்டி ஆளை எடுக்க வருகிறவர்கள் அவர்கள்தானே. சம்பளத்தைப் பற்றிப் பேசினால் மட்டும், ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து என்று முதலில் விசாரியுங்கள்.

கட்டளையிட்டே பழகிய வாய்தான் எனக்குப் பயம். உங்கள் மாவட்டத்தில், ஹல்துமுல்லையில்தான், 2020 செப்டம்பரில் முன்னாள் லெப்டினன்ட் கேணலும் அன்றைய ஜனாதிபதியுமான கோட்டாபய, தான் வாயால் சொல்வதையே சுற்றுநிருபமாக எடுத்துக்கொள்ளும்படி அதிகாரிகளிடம் சொன்னார். அடுத்த வருடமே இரசாயன உரத்துக்குத் தடை. தேயிலைச் செடிக்கு சல்யூட் அடிக்கத் தெரியுமா? உரம் இல்லை, கொழுந்து குறைந்தது. நிறை குறைந்தால் யாருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். விழுந்த அரைப்பேரை யாராவது முழுப்பேராக்கித் தந்ததாக என் காதுக்கு எட்டவில்லை.

கேள்வி: அது கிடக்கட்டும், 2010இல் மாஸ்டர் யாருக்குப் போட்டீர்கள்?
(அதே கொட்டகலை வாசகி)

பதில்: கடமையில் இருந்தவனுக்குத் தபால் வாக்கு அம்மா. உறையை அப்போதே ஒட்டிவிட்டேன்.