திருட்டு அலாரம் மாட்டுவது ஒரு வேலையா? ஆனையூர்த் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகன் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்காமல் பெரியப்பா மகனோடு சேர்ந்து வீடு வீடாக அலாரம் மாட்டப் போகிறான், "ஏணியத் தூக்கிக்கிட்டு அலையறதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டிருந்தீர்கள்.

வேலைதான். ஆனால் அதில் அவன் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறான். சுவரில் டிரில் போட்டு, கேசிங் பட்டை அடித்து, சென்சாரைத் திருகுவதைச் சீக்கிரமே பழகிவிடலாம். எல்லோருக்கும் வருவதால் அதற்குக் கூலிதான் கிடைக்கும். மாட்டிய அலாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் அலறித் தெருவையே எழுப்பும்போது, ஏன் என்று கண்டுபிடிக்கிறவனைத்தான் கடைக்காரர்கள் விடமாட்டார்கள். உங்கள் பையன் அந்த ஆளாக வருவானா என்று பார்ப்போம்.

அந்த வேலையில் மூளைக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அறைக்குள் ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார் படம் எடுப்பதில்லை. உடம்புச் சூடு நகர்வதை மட்டும் உணர்கிறது. சுவர் மூலையில் ஏழெட்டு அடி உயரத்தில், ஆள் அதன் பார்வைக்குக் குறுக்கே நடந்துபோகிற மாதிரி வைத்தால் நன்றாகப் பிடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைத்தால் சாயங்கால வெயிலுக்கே அலறும். லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்தாலும், சிலந்தி வலை பின்னினாலும் அதற்குத் திருடன்தான். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறையின் சூடு உடம்புச் சூட்டுக்கு அருகில் வந்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்சார் மந்தமாகிவிடும். அதைச் சரிக்கட்டும் வசதியுள்ள மாடலைத் தேர்ந்தெடுக்க இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும்.

கதவில் வைப்பது காந்தமும், அது அருகில் இருக்கிறதா என்று உணரும் ரீட் சுவிட்சும். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதி இடைவெளி கூடினால், பூட்டியிருக்கும் கதவையே திறந்ததாகக் காட்டும். இரும்பு கேட்டில் சாதாரண காந்தத்தை ஒட்டினால் இரும்பே அதன் இழுவையைத் தின்றுவிடும். அதற்கென்று வருகிற கனமான வகையைத்தான் போட வேண்டும்.

சென்சார் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் பேனல். அதில் ஒரு ஜோன், அதாவது ஒரு சென்சார் வயர் வரும் பகுதி, சும்மா சும்மா அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகத் தெரிந்தவன் நேராகச் சென்சாரை மாற்றுவான், காசு வாங்குவான், மறுவாரம் அதே வீட்டுக்குத் திரும்ப வருவான். தெரிந்தவன் முதலில் பேனலின் பதிவைப் பார்த்து எந்த ஜோன், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்வான். பிறகு அந்த ஜோனின் வயரைக் கழற்றிவிட்டு, பேனலில் சொல்லியிருக்கும் மதிப்புள்ள ரெசிஸ்டரை, அதாவது 'எல்லாம் சரி' என்று பேனலுக்குக் காட்டும் சிறு மின்தடையை, நேராக அங்கேயே வைப்பான். ஜோன் அமைதியானால் குற்றம் வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. அப்போதும் அடித்தால் பேனலில். ஐந்து நிமிடத்தில் பாதி வீட்டைக் கழித்துவிட்டான்.

அந்த ரெசிஸ்டரைப் பற்றி உங்கள் மகனிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பேனல் பெட்டிக்குள்ள வைக்கணுமா, சென்சார் முனையில வைக்கணுமா?" சுலபம் என்பதால் பலர் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்தால், வழியில் யாராவது இரண்டு வயரையும் ஒன்றாக்கிவிட்டபின் கதவு திறந்தாலும் பேனல் 'எல்லாம் நலம்' என்றே காட்டும். சென்சார் முனையில் இருந்தால் வயரை வெட்டினாலும் தெரியும், ஒன்றாக்கினாலும் தெரியும். காரணத்தோடு பதில் சொன்னால் பையனிடம் விஷயம் இருக்கிறது. "அண்ணன் அப்படித்தான் செய்வார்" என்றால் படிக்க அனுப்புங்கள்.

பேட்டரியும் அப்படித்தான். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி செத்திருந்தாலும் மீட்டரில் 12.6 காட்டலாம். கரண்டை அணைத்துவிட்டுச் சைரனை ஓடவிட்டால், செத்த பேட்டரி கண்ணெதிரே பத்துக்குக் கீழே சரியும். இதைப் பார்க்காமல் போனால், கரண்ட் போன ராத்திரியில் அலாரம் வெறும் பெட்டிதான். போனுக்கு அழைக்கும் பேனலில் சிம் ரீசார்ஜ் முடிந்து கிடப்பது இன்னொன்று. பழைய 2ஜி பேனலில் ஜியோ சிம் போட்டுவிட்டு 'சிக்னல் இல்லை' என்று தவிக்கிறவர்களும் உண்டு. ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

சரி, படிப்பு. பையன் கணக்கு, இயற்பியலோடு பிளஸ் டூ முடித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமோ இரண்டே வருடத்தில் கைக்கு வந்துவிடும். முதலில் மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக்கில் விசாரியுங்கள், அது அரசுக் கல்லூரி. கணக்கு என்றாலே ஓடுகிறவன் என்றால் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவும் இரண்டு வருடம்தான். காலம் சமம் என்பதால் என் விருப்பம் டிப்ளமோ. நாளைக்கு ஆஸ்பத்திரிகளில் ஃபயர் அலாரம், அலுவலகங்களில் கைரேகைப் பூட்டு, கேமரா நெட்வொர்க் என்று நகரும்போது அந்தக் காகிதம் கேட்கப்படும். சில வாரப் பயிற்சிக்குப் பெரும் பணம் கேட்டு 'நூறு சதவீத வேலை' என்று நோட்டீஸ் ஒட்டுகிற இடங்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அண்ணனோடு போவதை நிறுத்த வேண்டாம். சனி, ஞாயிறு போகட்டும். மாட்டுகிற வேலைக்குக் குறைவாகவும், சர்வீஸ் கால் வந்த வீட்டுக்கு அதிகமாகவும் அவனை அழைத்துப் போகச் சொல்லுங்கள். 230 வோல்ட் லைனில் மட்டும் உரிமம் உள்ள வயர்மேன் இல்லாமல் கை வைக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பு.

ஊரில் வேலை இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு அலாரம் இல்லாமல் முடியாது. திருநகர், விளாங்குடிப் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! திருமங்கலம், மேலூர் வரை பைக்கிலேயே போய்விடலாம். மாட்டுவதில் ஒரு தடவைதான் காசு. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., வருடா வருடம் வரும். சொந்தமாகத் தொடங்கும் நாள் வரும்போது கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

இந்தத் தொழிலில் முதல் சொத்து நாணயம். எந்த ஜன்னல் பலவீனம், பீரோ எந்த அறையில் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் ரகசிய எண்ணை அவர்களையே அழுத்தச் சொல்லித் திரும்பி நிற்க வேண்டும். கம்பெனி போட்டுத் தந்த இன்ஸ்டாலர் எண்ணை, அதாவது மாட்டுகிறவர் பேனலுக்குள் நுழையும் ரகசிய எண்ணை, மாற்றாமல் எந்த வீட்டை விட்டும் வரக்கூடாது. வேலை செய்த வீட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது கூடவே கூடாது. பையன்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். காவல்துறை இணையதளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு அவனே விண்ணப்பித்துச் சான்று வாங்கி வைத்திருந்தால், புது வீட்டுக்காரர் தயங்கும்போது எடுத்துக் காட்டலாம்.

அடுத்த வாரம் அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அப்பாவும் வந்தால் நல்லது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். ரெசிஸ்டர் கேள்விக்கு அவன் சொன்ன பதிலையும் மறக்காமல் சொல்லுங்கள்.